ரஸ்டைக் கட்ட ரஸ்ட் வேண்டும்

கணினிப் பாடம் நடத்துபவர்களிடம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரும் ஒரு நிரல்தானே, அதை மாற்றித் தந்தது எது? இன்னொரு கம்பைலர் என்றால், அந்த இன்னொன்றை?

கேள்வி இன்னும் சிக்கலாகும் இடமும் உண்டு. ரஸ்ட் மொழியின் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது. கூகுளின் ‘கோ’ மொழிக்கும் அதே நிலைதான். ரஸ்ட் கம்பைலரின் மூலநிரல் முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்தாலும், அவரிடம் ஏற்கெனவே ரஸ்ட் கம்பைலர் இல்லாவிட்டால் அது வெறும் எழுத்துக் குவியல்.

பாலுக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். இன்றைய தயிருக்கு நேற்றைய தயிரில் ஒரு கரண்டி வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்க வேண்டும். புதிய கம்பைலரைக் கட்டுவதற்காகக் கடன் வாங்கும் பழைய கம்பைலரை இந்த அத்தியாயத்தில் ‘உறைநிரல்’ என்று அழைப்போம். அதை எங்கிருந்து வாங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது, வாங்கியதை எவ்வளவு நம்புவது என்று தீர்மானிப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கம்பைலர் பொதிகளைப் பராமரிப்பவர்கள் அவர்கள்.

முதல் கரண்டி

ஆரம்பத்தில் கடன் கொடுக்க யாரும் இல்லை. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸின் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர் அசெம்ப்ளி மொழியில், அதாவது இயந்திரக் கட்டளைகளுக்கு மிக அருகில் உள்ள மொழியில், கையால் எழுதப்பட்டது. 1962-இல் எம்ஐடியில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் வேறு வழியில் போனார்கள். லிஸ்ப் கம்பைலரை லிஸ்பிலேயே எழுதினார்கள். லிஸ்ப் நிரல்களைக் கம்பைல் செய்யாமலே நேரடியாக நடத்திக்காட்டும் கருவி ஒன்று ஏற்கெனவே இருந்ததால், அதில் தங்கள் கம்பைலரை ஓடவிட்டு, அதைக்கொண்டே அதைக் கம்பைல் செய்தார்கள்.

ரஸ்டுக்கு முதல் கரண்டி ஓகேமல் என்ற மொழியிலிருந்து வந்தது. ரஸ்டை உருவாக்கிய கிரேடன் ஹோர் முதலில் எழுதிய கம்பைலர் ஓகேமலில் இருந்தது. ரஸ்டில் எழுதிய கம்பைலர் 2011-இல் தன்னைத் தானே கம்பைல் செய்துகொண்டது. ஓகேமல் வடிவம் பிறகு கைவிடப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரஸ்டும் அதற்கு முந்தைய ரஸ்டிலிருந்து பிறக்கிறது.

சில சிறு கோப்புகள்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ‘போர்ட்ஸ்’ என்றொரு பெரிய அடைவு மரம் இருக்கிறது. 1994-இல் ஜார்டன் ஹப்பர்ட் தொடங்கிவைத்தது. இன்று அதில் 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்களுக்கு இடம் உண்டு. சகோதர இயங்குதளமான நெட்பிஎஸ்டியினர் 1997-இல் அதிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்தது பிகேஜிசோர்ஸ். இன்னொரு சகோதரமான ஓபன்பிஎஸ்டியும் தனக்கென ஒரு போர்ட்ஸ் மரத்தை வைத்திருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டியின் மரத்துக்குள் மென்பொருள் எதுவும் கிடையாது. மொழிகளுக்கான பிரிவில் ரஸ்ட் அடைவை, அதாவது ரஸ்ட் ‘போர்ட்’டைத் திறந்தால் சில சிறிய உரைக் கோப்புகள்தான் கண்ணில்படும். மூலநிரல் எந்தத் தளத்தில் கிடைக்கும், கட்ட என்னென்ன வேண்டும், எந்தக் கட்டளையை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பதை மேக்ஃபைல் என்ற கோப்பு சொல்லும். டிஸ்ட்இன்ஃபோ என்ற கோப்பில் இறக்கப்போகும் ஒவ்வொன்றின் அளவும், எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட 64 இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒத்துவராத மூலநிரல் வரிகளைத் திருத்தும் பேட்ச்கள் தனி அடைவில் இருக்கும். இன்னொரு பட்டியல், கடைசியில் எந்தெந்தக் கோப்புகள் பயனரின் கணினியில் போய் உட்காரும் என்று சொல்லும்.

பெரும்பாலான பயனர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. திட்டத்தின் சேவைக் கணினிகள் கட்டிவைத்த பொதியை ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பொதிகளும் இந்தச் சிறு கோப்புகளிலிருந்துதான் கட்டப்படுகின்றன. ஒரு வரி பிசகினால் உலகம் முழுக்கப் பிசகும்.

மேக்ஃபைலில் பராமரிப்பாளர் யார் என்று சொல்லும் வரியும் உண்டு. வந்த பிழை அறிக்கைக்கு அவர் இரண்டு வாரம் பதில் சொல்லாவிட்டால், மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை பெற்ற வேறொருவர் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிடலாம். ரஸ்ட் போர்ட்டில் அந்த வரியில் தனிநபர் பெயர் இல்லை, ஒரு குழுவின் முகவரி இருக்கிறது. ஏன் என்று புரிந்துகொள்ள அந்த வேலையை ஒரு சுற்று பார்த்தால் போதும்.

42 நாள்

2024 ஜூன் 13-இல் ரஸ்ட் 1.79 வந்தது. ஜூலை 25-இல் 1.80. இடையில் சரியாக 42 நாள். 2015 மே 15-இல் 1.0 வெளியானது முதல், ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில்தான் ரஸ்ட் வந்துகொண்டிருக்கிறது.

பராமரிப்பாளர் மேக்ஃபைலில் 1.79 என்பதை 1.80 ஆக்குகிறார். உறைநிரலின் பதிப்பு 1.79 என்று குறிக்கிறார். அதுவும் விருப்பப்படி தேர்வதல்ல. ரஸ்ட் கம்பைலரின் மூலநிரல் புதிய வசதிகளை உடனுக்குடன் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம் உடையது என்பதால், ஒரு பதிப்பைக் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும், பழைய 1.60-ஐ வைத்து ஒப்பேற்ற முடியாது. பிறகு எல்லாக் கோப்புகளையும் இறக்கிச் சரிபார்ப்பு எண்களைப் புதிதாக எழுத வேண்டும்.

இங்கே ஒரு மோதல் வருகிறது. ரஸ்டின் கட்டுமான நிரல் தனக்கு வேண்டிய உறைநிரலைத் தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளப் பழகியது. போர்ட்ஸ் உலகில் அதற்கு அனுமதி இல்லை. பொதி கட்டும் பூத்ரியேர் என்ற கருவி, கோப்புகளை இறக்கிச் சரிபார்த்து முடித்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கட்டத் தொடங்கும். பட்டியலில் எண் குறிக்கப்படாத எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆகவே போர்ட் முன்கூட்டியே உறைநிரலை ஓர் அடைவில் விரித்துவைத்து, “இங்கே இருக்கிறது, வேறெங்கும் தேடாதே” என்று அமைப்புக் கோப்பில் எழுதித் தருகிறது.

கட்டுமானம் தொடங்குகிறது. 1.79 என்ற உறைநிரல் 1.80-இன் மூலநிரலைக் கம்பைல் செய்ய, முதல் பிள்ளை பிறக்கிறது. அது 1.80 மொழியைப் பேசும். ஆனால் அதன் உடம்பை வார்த்தது 1.79. அதனால் அந்தப் பிள்ளையிடமே அதே மூலநிரலை மறுபடி கொடுக்கிறார்கள். இரண்டாவது பிறப்பது, தன் சொந்த விதிகளின்படியே வார்க்கப்பட்ட 1.80. பொதிக்குள் போவது அதுதான்.

சி மொழியின் பழைய ஜிசிசி கம்பைலர் இதில் இன்னும் ஒரு படி கறார். அது மூன்றாவது முறையும் தன்னைக் கட்டிக்கொண்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடும். இரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து, ஒரே மாதிரி நடக்கவேண்டிய கம்பைலர்களால் பிறந்தவை. அச்சு அசலாக ஒன்றாக இருந்தாக வேண்டும். வேறுபட்டால் கம்பைலர் எங்கோ தவறாக மொழிபெயர்க்கிறது என்று பொருள். கட்டுமானம் அங்கேயே நின்றுவிடும்.

ரஸ்டோடு, அதற்காக இயந்திரக் கட்டளைகளை எழுதித் தரும் எல்எல்விஎம் என்ற பிரம்மாண்டமான சி++ நிரல்தொகுதியும் சேர்ந்து கட்டப்படுவதால், ஒரு சுற்று முடியச் சாதாரணக் கணினியில் மணிக்கணக்காகும். ஒரு வரித் திருத்தம் சரியா என்று பார்க்கவும் இந்தக் காத்திருப்பு உண்டு. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வராமலிருப்பது நல்லது.

பூட்டுக்குள் பூட்டு

ரஸ்டின் மூலநிரல் தனியாக வருவதில்லை. அது சார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு நூலகங்களையும் உடன் கொண்டுவருகிறது. ஒவ்வொரு நூலகத்துக்குள்ளும், அதன் கோப்பு ஒவ்வொன்றுக்குமான சரிபார்ப்பு எண்கள் ஒரு கோப்பில் இருக்கும். யாரும் உள்ளே கைவைக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

பராமரிப்பாளரின் வேலையே உள்ளே கைவைப்பதுதான். ஏதோ ஒரு நூலகத்துக்கு பவர்பிசி இயந்திரத்தில் ஓடும் ஃப்ரீபிஎஸ்டியைத் தெரியாது என்று வையுங்கள். பேட்ச் போட்டுத் திருத்தியவுடன் எண் ஒத்துப்போகவில்லை என்று கட்டுமானம் முரண்டுபிடிக்கும். இதற்கு ஃப்ரீபிஎஸ்டி போர்ட்டில் உள்ள தீர்வு கொஞ்சம் முரடானது. பேட்ச் போட்டு முடித்ததும், அந்தச் சரிபார்ப்புக் கோப்புகள் அனைத்திலும் உள்ள பட்டியலைக் காலியாக்கிவிடுகிறார்கள். கேட்க அதிர்ச்சியாக இருந்தாலும் தர்க்கம் சரிதான். மொத்த மூலநிரல் பொட்டலத்தின் எண்ணை டிஸ்ட்இன்ஃபோ ஏற்கெனவே சரிபார்த்தாயிற்று. அதற்குப் பிறகு உள்ளே நடக்கும் மாற்றம் எல்லாம் பராமரிப்பாளர் தெரிந்தே செய்வது.

‘டைம்’ உடைந்த கதை

கம்பைலர் கட்டி முடிந்தால் வேலை முடிந்தது என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு நூலகமோ உரைத் தொகுப்பானோ என்றால் அது உண்மையாகக்கூட இருக்கலாம். கம்பைலரின் சோதனையோ, அது கட்டும் மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

1.80 அதற்கு நல்ல உதாரணம். அந்தப் பதிப்பின் அடிப்படை நூலகத்தில் ஒரு சிறு வசதி சேர்ந்தது. எழுத்துகளின் வரிசையை ஒரு குறிப்பிட்ட வகைப் பெட்டியில் நேரடியாகச் சேகரிக்கலாம் என்பது அதன் சாரம். பயனுள்ள வசதிதான், யாரையும் உடைக்கும் நோக்கம் அதில் இல்லை. ஆனால் நாள், நேரம் கணக்கிடும் ‘டைம்’ என்ற பிரபலமான நூலகத்தில் ஒரு வரி, என்ன வகைப் பெட்டி என்று சொல்லாமல் விட்டிருந்தது. 1.79 வரை அந்த இடத்தில் பொருந்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கம்பைலர் அதை ஊகித்துக்கொண்டது. 1.80-இல் பொருந்தக்கூடியவை ஒன்றுக்கு மேற்பட்டவை ஆயின. ஊகிக்க மறுத்து, வகையை எழுதித் தரச் சொல்லிக் கம்பைலர் நின்றுவிட்டது.

‘டைம்’ நூலகத்தின் 0.3.35 பதிப்பில் இது முன்பே திருத்தப்பட்டிருந்தது. பிரச்சினை என்னவென்றால், ரஸ்ட் நிரல்கள் தங்களுக்கு எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை ஒரு பூட்டுக் கோப்பில் உறுதியாகக் குறித்துவைத்திருக்கும். பழைய பதிப்பைக் குறித்துவைத்த மென்பொருள் எல்லாம் ஒரே நாளில் கட்டமுடியாதவை ஆயின. அவற்றில் ஒரு வரிகூட மாறவில்லை. அவற்றின் போர்ட்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் ‘டைம்’ பதிப்பை உயர்த்தி, சரிபார்ப்பு எண்களை மாற்ற வேண்டியிருந்தது.

சி மொழிப் பக்கமும் இதே தலைவலி உண்டு. 2023-இல் வந்த கிளாங் கம்பைலரின் 16-ஆம் பதிப்பும், 2024-இல் வந்த ஜிசிசி 14-உம், அறிவிக்காமல் ஒரு செயல்கூற்றை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தின. பல ஆண்டுகளாகத் தொடப்படாத நிரல்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. இப்படி ஆயிரக்கணக்கான போர்ட்களைத் தொடும் மாற்றங்களுக்கு முன், மரம் முழுவதையும் புதிய கம்பைலரால் ஒருமுறை கட்டிப் பார்க்கும் ஏற்பாடு ஃப்ரீபிஎஸ்டியில் இருக்கிறது. எது எது விழுந்தது என்ற பட்டியல் பராமரிப்பாளரிடம் வந்து சேரும்.

எதுவும் உடையாவிட்டாலும் ஒரு வேலை மிச்சம். ரஸ்டில் எழுதிய நிரல்கள் ரஸ்டின் அடிப்படை நூலகத்தைத் தங்கள் உடம்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்பவை. அந்த நூலகத்தில் ஒரு பிழை திருத்தப்பட்டால், ஏற்கெனவே கட்டிய நிரல்களுக்கு அது போய்ச் சேராது. ஆகவே கம்பைலர் மாறும்போதெல்லாம், ரஸ்டைச் சார்ந்த எல்லாப் போர்ட்களிலும் ‘திருத்த எண்’ என்ற ஒன்றைக் கூட்டி, அத்தனையையும் மறுபடி கட்டவைக்கிறார்கள்.

தரையே மாறியபோது

உறைநிரல் என்பது எவ்வளவு நுட்பமான கடன் என்பதை 2017 காட்டியது. ஃப்ரீபிஎஸ்டி 12-ஐ நோக்கிய வேலையில், கோப்பு ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தரும் அடையாள எண் 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக அந்த ஆண்டு மே மாதம் விரிவாக்கப்பட்டது. கோப்பின் விவரங்களைத் தரும் படிவத்தின் அமைப்பே இதனால் மாறியது.

பழைய நிரல்கள் விழுந்துவிடாமலிருக்க ஃப்ரீபிஎஸ்டியினர் அழகான ஏற்பாடு செய்திருந்தார்கள். சி நூலகத்தில் அதே பெயரில் பழைய செயல்கூறும் புதிய செயல்கூறும் பதிப்பு முத்திரையோடு இருக்கும். முன்பே கட்டப்பட்ட நிரல் பழையதை அழைக்கும். புதிதாகக் கட்டப்படுவது புதியதோடு இணையும்.

இந்த இடத்தில்தான் ரஸ்ட் சிக்கியது. சி நிரல்கள் படிவத்தின் அமைப்பை, கட்டும்போது இயங்குதளத்தின் தலைப்புக் கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். ரஸ்ட் அப்படிச் செய்யாது. படிவத்தின் அமைப்பு அதன் நூலகத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், அதுவும் பழைய அமைப்பு. கடன் வாங்கிய உறைநிரல் பழைய இயங்குதளத்தில் பிறந்தது என்பதால் பழைய செயல்கூற்றை அழைத்து நன்றாகவே ஓடியது. அது கட்டிய பிள்ளையோ புதிய இயங்குதளத்தில் பிறந்து, புதிய செயல்கூற்றோடு இணைந்து, கையில் பழைய படிவத்தை நீட்டியது. விடை வேறு கட்டங்களில் விழுந்தது. தாய் நலம், பிள்ளைக்குக் கோளாறு.

எந்த முத்திரையுள்ள செயல்கூறு வேண்டும் என்று ரஸ்டின் நூலகத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது தீர்வானது. சொல்ல ஒரு வரி. கண்டுபிடிக்க இயங்குதளம், இணைப்பி, கம்பைலர் மூன்றையும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும்.

கடன் கிடைக்காத இயந்திரங்கள்

இன்டெல் வகை 64 பிட் ஃப்ரீபிஎஸ்டிக்கு உறைநிரலை ரஸ்ட் திட்டமே தந்துவிடுகிறது. 64 பிட் ஆர்ம், பவர்பிசி, ரிஸ்க்-வி இயந்திரங்களுக்கான உறைநிரல்களை 1.80 காலத்தில் போர்ட் பராமரிப்பாளர்களே தயாரிக்க வேண்டியிருந்தது. ஓர் இயந்திரத்தில் உட்கார்ந்து இன்னோர் இயந்திரத்துக்கான கம்பைலரைக் கட்டுவது இதற்கு வழி. இதற்கென்றே தனிப் போர்ட் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

வேக்ஸ் போன்ற பழைய இயந்திரங்களுக்கு அந்த வழியும் இல்லை. நெட்பிஎஸ்டி வேக்ஸில் இன்றும் ஓடுகிறது, ஜிசிசி அதற்கு நிரல் எழுதித் தருகிறது; ரஸ்ட் நம்பியிருக்கும் எல்எல்விஎம் எழுதித் தருவதில்லை. ரஸ்ட் ஒரு தனி மொழியாக மட்டும் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. ஆனால் மேசைக்கணினியின் படங்களை வரையும் லிப்ஆர்எஸ்விஜி நூலகம் 2017 முதல் ரஸ்டுக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ நூலகம் தன் 3.4 பதிப்பைக் கட்ட ரஸ்ட் வேண்டும் என்றது. சிறுபான்மை இயந்திரங்களை வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயம். கடவுச்சொற்களைக் காக்கும் நிரலைப் பாதுகாப்பான மொழியில் எழுத விரும்பியவர்கள் பக்கமும் நியாயம்தான். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ் இரு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாமல் லிப்ஆர்எஸ்விஜிக்கு இரண்டு போர்ட்களை வைத்துக்கொண்டது, பழைய சி வடிவம் ஒன்று, ரஸ்ட் வடிவம் ஒன்று.

வாங்கியதை நம்பலாமா

மூலநிரலிலிருந்து கட்டுகிறோம் என்பது போர்ட்ஸ் மரத்தின் பெருமை. உறைநிரல் அந்தப் பெருமையில் ஒரு துளை. அது யாரோ கட்டிய, படிக்க முடியாத இயங்குகோப்பு. டிஸ்ட்இன்ஃபோவின் எண், பராமரிப்பாளருக்குக் கிடைத்ததேதான் உங்களுக்கும் கிடைத்தது என்று உறுதி சொல்லும். அது யோக்கியமானதா என்று சொல்லாது.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றி 1984-இல் அச்சான உரையில் இந்தத் துளையைத்தான் காட்டினார். உள்நுழைவு நிரலைக் கம்பைல் செய்யும்போது ரகசியக் கதவு வைக்கவும், கம்பைலரையே கம்பைல் செய்யும்போது இந்தத் தந்திரத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்தவும் ஒரு கம்பைலரைப் பழக்கலாம். பிறகு மூலநிரலிலிருந்து தந்திரத்தின் தடயத்தை அழித்துவிட்டாலும், இயங்குகோப்பு வழியாக அது வாழ்ந்துகொண்டே இருக்கும்.

கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் 2005-இல் ஒரு மாற்றுவழியை வைத்தார். தொடர்பே இல்லாத இரண்டாவது கம்பைலரால் அதே மூலநிரலைக் கட்டி, அதைக்கொண்டு மறுபடி கட்டி, கடைசியில் கிடைப்பதைச் சந்தேகத்துக்குரியதோடு ஒப்பிடுவது. இதற்கு இரண்டாவது கம்பைலர் ஒன்று வேண்டும். ரஸ்டுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. எம்ரஸ்ட்சி என்று பெயர், சி++ மொழியில் எழுதப்பட்டது. கொடுக்கப்படும் நிரல் சரியானது என்று நம்பிக்கொண்டு, ரஸ்டின் புகழ்பெற்ற நினைவகச் சோதனைகளை அது செய்வதில்லை. உண்மையான ரஸ்ட் கம்பைலரின் குறிப்பிட்ட சில பதிப்புகளை மட்டும் கட்டும், 1.54 அவற்றில் ஒன்று, பின்னாளில் 1.74. கீக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கல் இந்த வழியை உண்மையிலேயே பயன்படுத்துகிறது. கட்டுமானத்தை நடத்தும் கருவிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 357 பைட் அளவுள்ள ஒரு சிறு நிரலிலிருந்து சி கம்பைலர்வரை ஏறிவரும் பாதையையும் 2023-இல் அவர்கள் திறந்துவைத்தார்கள்.

‘கோ’ மொழிக்கு இந்த ஏற்றம் எளிது. சி மொழியில் எழுதப்பட்ட கடைசிப் பதிப்பான 1.4, 1.17-ஐக் கட்டும், அது 1.20-ஐ, அது 1.22-ஐ, அது 1.24-ஐ. ஐந்தே பதிப்புகள். பிகேஜிசோர்ஸ் இதற்காகவே 2014-இல் வந்த அந்த 1.4-ஐ உயிரோடு வைத்திருக்கிறது. 64 பிட் ஆர்ம் இயந்திரத்தை 1.4-க்குத் தெரியாது என்பதால் அங்கே ஆயத்த உறைநிரலை ஏற்க வேண்டியிருக்கிறது.

ரஸ்டில் 1.54-இலிருந்து 1.80-ஐ அடைய, 1.55, 1.56 என்று 26 பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றும் மணிக்கணக்கு வேலை. ஃப்ரீபிஎஸ்டியின் ரஸ்ட் போர்ட் அந்தப் பாதையில் போவதில்லை. சரிபார்ப்பு எண் குறித்த 1.79-ஐ உறைநிரலாக ஏற்று 1.80-ஐக் கட்டியது. 2024 செப்டம்பர் 5-இல் 1.81 வந்தது, அதற்கு உறைநிரல் 1.80.